அன்பளிப்பு: தாய்மாமன் கோ. ஏகாம்பரம்

பாத்திரக் கடையில நிக்கிறவளுக்கு முதல்ல மரத்துப்போறது காலு, அடுத்தது காது. கடைசிவரைக்கும் மரத்துப்போகாதது வாய் ஒண்ணுதான்.

நீங்களும் எங்கேயாவது ஒரு கவுன்ட்டருக்குப் பின்னாடி நிக்கிறவங்களா இருந்தா, துணியோ செருப்போ எதை விக்கிறவங்களா இருந்தாலும் சரி, 'அதெல்லாம் இருக்கட்டும், கடைசி விலை சொல்லுங்க'ன்னு ஒருத்தர் ஆரம்பிச்ச உடனே கை தானா கால்குலேட்டரைத் தேடுமே, அது எனக்கும் தெரியும். என் பேரு ஸ்டெல்லா. வீடு சாந்தோம். எங்க குடும்பத்துல அம்மா டீச்சர், அக்கா டீச்சர், ரெண்டு சித்தியும் டீச்சர். நான் ஒருத்திதான் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் எவர்சில்வர் கடைக்கு வந்து சேர்ந்தேன். ஆனா அவங்க எல்லாரும் சேர்ந்து ஒரு வாரம் பேசறதை நான் ஒரே நாள்ல பேசிடுவேன். அவங்க கிளாஸ்ல யாரும் எழுந்து நின்னு, 'இந்தக் கணக்குல அம்பது குறைச்சுக்குங்க மிஸ்'னு கேக்கறதில்லையே!

இந்த வருஷம் என்னைப் படுத்தி எடுத்தது ஒரே ஒரு அண்டா. அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

முதல்ல பேரை வெட்டு

எங்க கடை வாசல்ல துரை அண்ணன் ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பாரு. பாத்திரத்துல பேர் வெட்டறது அவர் வேலை. ஆத்தோரத்துல இருந்த அவர் வீட்டை கவர்மென்ட்டுல இடிச்சுட்டு ஊருக்கு வெளியே அனுப்பிட்டாங்க. இப்ப ரெண்டு பஸ் மாறி வர்றாரு. ஆனாலும் எனக்கு முன்னாடி வந்துடுவாரு. கடையில ஒரு சட்டம் உண்டு. காசு கல்லாவுக்குப் போனப்புறம்தான் பேர். ஏன்னா, பேர் விழுந்த பாத்திரம் அந்தப் பேர்க்காரங்களைத் தவிர வேற யாருக்கும் உதவாது. பாலிஷ் போட்டு எழுத்தை அழிச்சாலும் தேமல் மாதிரி ஒரு தடம் நிக்கும்.

ஆனி மாசம் ஒரு பெரியவர் வந்தாரு. தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்குச் சீர் வைக்க அண்டா வேணும்னாரு. பெரிய சைஸா ஒண்ணைத் தட்டிப் பார்த்தாரு, காதை வெச்சுக் கேட்டாரு, உள்ளே தலையை விட்டுப் பார்த்தாரு. மூவாயிரத்து அறுநூறுல ஆரம்பிச்சோம். பாதி வழியில அவரே சொன்னாரு, "எப்படியும் வாங்கத்தாம்மா போறேன். அவர் பாட்டுக்கு வெட்டட்டும், நாம பாட்டுக்குப் பேசுவோம். எனக்கு நேரம் மிச்சம்." நியாயமாத்தானே இருக்குன்னு நானும் தலையை ஆட்டிட்டேன். துரை அண்ணன் நல்லா அழுத்தி, 'அன்பளிப்பு: தாய்மாமன் கோ. ஏகாம்பரம்'னு வெட்டி முடிச்சாரு. வெட்டி முடிச்ச மறு நிமிஷம் பெரியவர் குரலே மாறிப்போச்சு. "இப்ப சொல்லு. என் பேர் போட்ட அண்டாவை வேற எவனுக்கு விக்கப்போற? மூவாயிரத்து முந்நூறு. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது."

எனக்கு வந்ததே கோவம்! மூவாயிரத்து முந்நூத்தம்பதுக்குக் கீழே இறங்க மாட்டேன்னுட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கினாரு. எங்க தொழில்ல ஒரு மரியாதை உண்டு, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். கஸ்டமர் கோவிச்சுக்கிட்டு நாலடி நடக்கணும், நாங்க 'அண்ணே, வாங்க'ன்னு கூப்பிடணும், அவர் வேண்டாவெறுப்பா திரும்பற மாதிரி திரும்பணும். நான் கூப்பிடுவேன்னு அவர் மெதுவா நடந்தாரு. அவரே வருவாருன்னு நான் மெதுவா தட்டுங்களை அடுக்கினேன். கோயில் குளத்து ஓரமா அவர் திரும்புறவரைக்கும் பார்த்துக்கிட்டிருந்த துரை அண்ணன் கேட்டாரு: "இன்னா தங்கச்சி, ஆள் போய்க்கினே கீறாரு, நீ கூப்டவே மாட்டியா?"

ஏசி உண்டு

எங்க முதலாளி கத்தற ஆள் இல்லை. கத்தினா பரவாயில்லைன்னு தோணும். அண்டாவைச் சுத்தி வந்தாரு, எழுத்தை விரலால தடவிப் பார்த்தாரு, "துரை கை எழுத்து நல்லா இருக்கு"ன்னாரு. அப்புறம் சாவகாசமா குண்டைப் போட்டாரு. ஆடித் தள்ளுபடி முடியறதுக்குள்ள இந்த அண்டா கடையை விட்டுப் போகணும். இல்லைன்னா நான் பாலவாக்கம் கிளைக்குப் போகணும்.

பாலவாக்கம் என்ன, பாகிஸ்தானான்னு கேப்பீங்க. பஸ் இருக்கு, கடல் காத்து இருக்கு, எல்லாம் இருக்கு. ஆனா அங்க ஒவ்வொரு டம்ளர்லயும் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கஸ்டமர் தானே எடுப்பாங்க, தானே கூடையில போடுவாங்க, பில் போடற பொண்ணு டிக் டிக்னு மிஷினைக் காட்டும், முடிஞ்சது வியாபாரம். ஒரு நாள் அங்க லீவுக்கு மாத்தா நின்னேன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நான் பேசின ஒரே வார்த்தை, 'பாத்ரூம் அந்தப் பக்கம்'. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரைப் பிடிச்சுக்கிட்டு ராத்திரி படுக்கிற வரைக்கும் பேசித் தீர்த்தேன், பாவம். அங்கேயே வேலைன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும், நிஜமாத்தான் சொல்றேன். முதலாளிகிட்ட இதைச் சொல்லி அழாத குறையா நின்னேன். அவர் ஆறுதல் சொன்னாரு: "அங்க ஏசி இருக்கும்மா. வாயே திறக்க வேண்டாம், எவ்வளவு நிம்மதி!"

பழைய பாத்திரம்

எழுத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சா ஏமாத்தி வித்துடலாம்னு முதல்ல நினைச்சேன். பெரிய தெருவுலேர்ந்து வர்ற ஒரு மாமி, எங்க ரெகுலர் கஸ்டமர், அண்டாவைப் பார்த்ததும் பிடிச்சுப்போய் ஒரு சுத்து சுத்தினாங்க. எழுத்து கண்ணுல பட்டுடுச்சு. "ஏண்டி ஸ்டெல்லா, இது பழசா?" "ஐயையோ, புத்தம் புதுசு மாமி. பேர் மட்டும்தான் வேற." "பேர் இருக்குன்னா யாரோ ஆண்டதுதானே? பழசை எடைக்குத்தானே நீங்க எடுத்துக்கறேள், அதே எடைக்கு இதையும் குடுத்துடு."

நான் பில் காட்டினேன், உள்ளே ஒட்டின பேப்பரைக் காட்டினேன், கையால தேய்ச்சுக்கூடக் காட்டினேன். மாமி அசையலை. கடைசியில ஒரு கரண்டி மட்டும் வாங்கினாங்க, அதுலயும் ரெண்டு ரூபா குறைச்சாங்க. படியிறங்கும்போது திரும்பி நின்னு சொன்னாங்க: "ஊரான் பேர் போட்ட அண்டாவை எங்காத்துல வெச்சுண்டா, கல்யாணத்துக்குப் போன எடத்துலேர்ந்து தூக்கிண்டு வந்துட்டேன்னுதான் பேசிப்பா. அந்த அவமானத்துக்கு நீதான் எனக்குப் பணம் தரணும்!"

பன்னெண்டு இருக்கா?

சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவர் ஒருத்தர் வந்தாரு. இவருக்குப் பேர் ஒரு பொருட்டா இருக்காது, சாம்பாருக்கு யார் பேர் இருந்தா என்னன்னு நான் சந்தோஷப்பட்டேன். அவரும் நல்ல மனுஷன், ஒரே தடவையில மூவாயிரத்து இருநூறுக்கு வந்துட்டாரு. நானும் மனசைத் தேத்திக்கிட்டு 'சரி'ன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்பத்தான் யோசிச்சாரு. மண்டபத்துல ஒரே சமயத்துல ரெண்டு பார்ட்டி சமைப்பாங்களாம். பாத்திரம் மாறிப்போகாம இருக்கிறது பேரை வெச்சுத்தானாம். வேற பேர் இருந்தா அவர் ஆளுங்களே இதை அடுத்த பார்ட்டிகிட்டக் குடுத்துட்டு வந்துடுவாங்களாம்.

ஏகாம்பரத்துக்குக் கீழே உங்க பேரையும் வெட்டித் தர்றேண்ணேன்னு கெஞ்சினேன். ரெண்டு பேர் இருந்தா ரெண்டு பேரும் வந்து கேப்பாங்கன்னாரு. அப்புறம் அவரே ஒரு வழி சொன்னாரு: "ஒண்ணு பண்ணும்மா, இதே ஏகாம்பரம் பேர்ல பன்னெண்டு அண்டா இருந்தா குடு, என் கம்பெனி பேரையே மாத்திடறேன்."

ஓட்டை ஃப்ரீயா?

இதுக்கப்புறம் துரை அண்ணன்தான் யோசனை சொன்னாரு. "மறைச்சு இன்னாத்துக்கு வைக்கிற? பேர் வெளிய தெரியற மாதிரி வாசல்ல வை. ஊர்ல எத்தினி ஏகாம்பரம் கீறானோ!" அண்டாவைத் தூக்கி வாசல்ல, தெருவைப் பார்த்த மாதிரி வெச்சோம். சாயங்கால வெயில் பட்டா எதிர்வாடையில இருக்கிற பூக்கடைக்காரம்மா வரைக்கும் படிக்கலாம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அந்தோணியாருக்கு மெழுகுவத்தியும் ஏத்தினேன். தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தர்றவர்கிட்டப் போய், ஒரு பொருள் கண் முன்னாடி இருக்கு, அதைத் தொலைச்சுக் குடுங்கன்னு வேண்டிக்கிட்ட முதல் ஆள் நானாத்தான் இருப்பேன்.

மறுநாளே ஆழ்வார்பேட்டையிலேர்ந்து சின்ன வயசு ஜோடி ஒண்ணு வந்தது. பொண்ணுக்கு எழுத்தைப் பார்த்ததும் ஒரே குஷி. படம் எடுத்தது, பக்கத்துல நின்னு எடுத்தது. பால்கனியில எலுமிச்சைச் செடி வைக்கணுமாம், அதுக்கு இந்த அண்டாதான் வேணுமாம், பேரை அழிக்கவே கூடாதாம். பையன் மட்டும் போன்ல எங்கேயோ விலை பார்த்து, 'ஆன்லைன்ல கம்மியா இருக்கே'ன்னான். 'அதுல ஏகாம்பரம் இருக்காரா?'ன்னு கேட்டேன். போனைப் பையில போட்டுட்டான். விலை படிஞ்சு, காசு எடுக்கிற நேரத்துல, தண்ணி வடியறதுக்கு அடியில அஞ்சாறு ஓட்டை போட்டுத் தரணும்னாங்க. துரை அண்ணன் பேர் வெட்டற மிஷினைக் கீழே வெச்சுட்டாரு. எத்தனை வருஷமா ஓட்டையான அண்டாவை அடைச்சுக் குடுத்த கையாம், நல்ல அண்டாவுல ஓட்டை போட வராதாம். நான் கண்ணால கெஞ்சறேன், மனுஷன் குளத்தைப் பார்க்கிறாரு. வெளியே போட்டுக்குங்க, நூறு ரூபா ஆகும்னேன். அந்தப் பொண்ணு முகமே வாடிப்போச்சு. கிளம்பும்போது வருத்தமாச் சொன்னது: "ஓட்டைக்குக்கூட காசு கேட்டா எப்படி ஆன்ட்டி? ஓட்டைன்னா ஒண்ணுமே இல்லைதானே!"

பாதி ஆள்

தேடினா கிடைக்காமலா போகும்? ஆட்டோ ஸ்டாண்டுல ஒரு ஏகாம்பரம் கிடைச்சாரு! கோபால் மகன் ஏகாம்பரம், 'கோ'வும் பொருந்துது. எனக்கு அந்தோணியாருக்கு இன்னொரு மெழுகுவத்தி ஏத்தணும்போல இருந்தது. அவரைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வராத குறையா கடைக்குக் கூட்டிட்டு வந்தேன். அடுத்த மாசம் அவர் வீட்டுலயும் ஒரு கல்யாணம் வருது, சீர் வைக்கணும். ஆனா கல்யாணம் தம்பி பொண்ணுக்கு. அவருக்கு அக்கா தங்கச்சியே கிடையாது. "நான் பெரியப்பாம்மா. தாய்மாமன்னு போட்ட அண்டாவை நான் கொண்டுபோய் வெச்சா, பொண்ணோட நிஜ மாமன் என்னை மண்டபத்துலயே பொளந்துடுவான்"னாரு.

நான் விடலை. 'தாய்மாமன்'ங்கிறதை மட்டும் பாலிஷ் போட்டு அழிச்சுத் தர்றேன்னேன். அங்க மட்டும் தடம் தெரியுமே, பொண்ணு வீட்டுக்காரங்க கேப்பாங்களேன்னாரு. முன்னாடி ஒரு மாலை போட்டு வைங்கன்னேன். கொஞ்சம் இறங்கி வந்தவர் மாதிரி தெரிஞ்சது. அண்டா முன்னாடி குத்துக்கால் போட்டு உக்காந்து, எழுத்து எழுத்தா விரலை வெச்சுப் படிச்சு, கடைசியா தன் விலையைச் சொன்னாரு: "அன்பளிப்பு ஓகே, ஏகாம்பரம் ஓகே. தாய்மாமன் நான் கெடையாது. பாதி ஆளுதான் பொருந்தறேன், பாதி வெலை போட்டுக் குடு."

அண்ணன் கேட்ட விலை

ஆடி முடியப் போகுது. பாலவாக்கத்துக்கு எந்த பஸ்ல போறதுன்னு விசாரிக்கக்கூட ஆரம்பிச்சுட்டேன். அப்ப ஒரு சாயங்காலம், காய்கறிப் பையோட ஒரு அம்மா வந்து அண்டா முன்னாடி நின்னாங்க. ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். நான் வழக்கம்போல, 'வாங்கம்மா, ஆடித் தள்ளுபடி'ன்னு ஆரம்பிச்சேன். அவங்க என்னைப் பார்க்கவே இல்லை. "இது எப்ப வெட்டினது?"ன்னு கேட்டாங்க. ஆனி மாசம்னு சொன்னேன். கையில இருந்த பை நழுவி, தக்காளி ஒண்ணு உருண்டு ஓடுச்சு. துரை அண்ணன் எழுந்து தன் ஸ்டூலைக் குடுத்தாரு. அவங்கதான் ஏகாம்பரத்தோட தங்கச்சி, சகுந்தலா. கோயிலுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரங்க, 'உங்க அண்ணன் பேர் கடை வாசல்ல இருக்கு'ன்னு போய்ச் சொல்லியிருக்காங்க.

விஷயம் இதுதான். எங்க கடையிலேர்ந்து கோவிச்சுக்கிட்டுப் போன மனுஷன் தி.நகர் முழுக்க அலைஞ்சிருக்காரு. விலை படியலை, படிஞ்ச இடத்துல உடனே பேர் வெட்டித் தர ஆள் இல்லை. கடைசியில கல்யாணத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரத்தோட வந்து நின்னிருக்காரு. தாய்மாமன் சீர் சுவர்க் கடிகாரமான்னு மாப்பிள்ளை வீட்டுல ஒரே சிரிப்பு. 'அண்டாவுல பேரெல்லாம் வெட்டியாச்சு, கடைக்காரி குடுக்க மாட்டேன்னுட்டா'ன்னு அவர் சொன்னதை யாரும் நம்பலை. இந்த அம்மாவும் நம்பலை. மண்டபத்துலயே அழுதுட்டு, அன்னியிலேர்ந்து அண்ணன்கூடப் பேச்சு கிடையாது. "பொய்யுன்னு நினைச்சுட்டேனே, நிஜமாவே வெட்டியிருக்கானே"ன்னு எழுத்தைத் தடவித் தடவி அழுதாங்க. ஒரு அம்பது ரூபாய்க்கு வீம்பு பிடிச்சு நான் தட்டு அடுக்கினது இங்க வந்து முடிஞ்சிருக்கே!

முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க. துடைச்ச கையோட கேட்டாங்க, "அவன் எவ்வளவுக்குக் கேட்டான்?" நான் என் விலையைச் சொன்னேன், மூவாயிரத்து முந்நூத்தம்பது. "உன் விலையைக் கேக்கலை, அவன் விலையைச் சொல்லு." மூவாயிரத்து முந்நூறுன்னேன். "மூவாயிரத்து இருநூத்தம்பதுக்குக் குடு." அழுத கண்ணு இன்னும் காயலை, அதுக்குள்ள பேரமா! அண்ணன் கேட்டதைவிடக் குறைச்சலாக் கேக்கறீங்களேம்மான்னேன். அவங்க ஸ்டூலை விட்டு எழுந்து நின்னு சொன்னாங்க: "அவன் கேட்டதுக்கு மேல குடுத்து வாங்கினா, ஏமாந்துட்டியேன்னு திட்டுவான். அதே விலைக்கு வாங்கினா, அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும். அம்பது குறைச்சுக் குடும்மா, அப்பத்தான் நான் அவனுக்கு போன் பண்ண முடியும்."

வேன்ல வந்த பரிசு

குடுத்தேன். குடுக்காம என்ன பண்றது? அண்டா ஆட்டோவுல ஏறினதும் நானும் துரை அண்ணனும் டீ சொல்லிக் குடிச்சோம். அந்த ஆட்டோவை ஓட்டினது பாதி ஆள் ஏகாம்பரம்தான். இறக்கி வெச்சுட்டு வந்து, 'உன் ஏகாம்பரம் வீட்டுக்குப் போயிட்டான்'னு சொல்லிட்டுப் போனாரு.

முதலாளி பில்லைப் பார்த்து, "இதையே வித்துட்டியா!"ன்னு அசந்துபோனாரு. இனிமே பாலவாக்கம் பேச்சே எடுக்கமாட்டேன்னாரு. நான் நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டேன். மறுநாள் காலையில பாலவாக்கத்துலேர்ந்து ஒரு வேன் வந்து நின்னுது. நான் அங்க போகலை, அங்க இருந்ததெல்லாம் என்கிட்ட வந்துடுச்சு. ஸ்டிக்கர் விலைக் கடையிலயும் பேர் வெட்டினப்புறம் நழுவற ஆளுங்க இருக்காங்கபோல. குடம், டிபன் கேரியர், குத்துவிளக்கு, எல்லாத்துலயும் யாரோ ஒருத்தர் பேர். முதலாளி ஒவ்வொண்ணா இறக்கச் சொல்லிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சாரு: "உன் வாய் இருக்கிறவரைக்கும் எனக்கு என்ன கவலை ஸ்டெல்லா?"

மூடி

அந்தக் குடங்களை நான் வாசல்ல அடுக்கிக்கிட்டிருக்கும்போது யாரோ வந்து நின்னாங்க. நிமிர்ந்தா, சாட்சாத் கோ. ஏகாம்பரம். சண்டைக்குத்தான் வந்திருக்காருன்னு நானும் இடுப்புல கையை வெச்சுத் தயாரானேன். அவர் என் முகத்தைப் பார்க்காம, "அண்டாவுக்கு மூடி வேணும்"னாரு. நேத்து தங்கச்சி போன் பண்ணினாளாம். அண்டாவைத்தான் அவ காசுல வாங்கிட்டா, மூடியாவது தன் காசா இருக்கணுமாம். அடுத்த மூச்சுல, "முதல்ல பேரை வெட்டச் சொல்லு"ன்னாரு. துரை அண்ணன் தலையைத் தூக்காமலே, "மொத துட்டு, அப்பாலிக்கா பேரு"ன்னாரு.

நான் நானூத்தம்பது சொன்னேன். அவர் நானூறுன்னாரு. நான் மாட்டேன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கினாரு. மறுபடியும் அதே அம்பது, அதே நடை, அதே குளத்து ஓரம். துரை அண்ணன் என்னைப் பார்த்தாரு. நான் குடத்தையெல்லாம் அப்படியே போட்டுட்டு தெருவுக்கு இறங்கி ஓடி, "அண்ணே, வாங்க! நானூறே குடுங்க!"ன்னு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அவர் டக்குனு நின்னுட்டாரு. திரும்பி வந்து, காசை எண்ணி வெச்சு, மூடியை எடுத்துத் துரை அண்ணன்கிட்ட நீட்டிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டாரு: "அன்னைக்கும் இப்படி ஒரு குரல் குடுத்திருந்தா, நான் அந்தக் கடிகாரத்தை வாங்கியிருக்கவே மாட்டேன் இல்லம்மா?"

ஆக, என்னை மாதிரி நின்னு நின்னு கால் மரத்துப்போன மக்களே, உங்க சொந்தத்துல 'பெரியத்தை மரகதம்'னு யாராவது இருந்தா ஒரு நடை எங்க கடை வாசலுக்கு வந்து அந்தப் பேர் போட்ட குடத்தைப் பார்த்துட்டுப் போகச் சொல்லுங்க, விலை பேசிக்கலாம்.